பாவாடையின் நீளம்

“இன்ஸ்பெக்டர் வர்றாராம். புள்ள வயசுக்குப் பெரியவளாத் தெரியணும்” என்று மில் மேஸ்திரி சொல்லிவிட்டுப் போனதும், செங்கமலம் மூத்தவள் பவளத்தின் பாவாடையில் மடித்துத் தைத்திருந்த டக்கையெல்லாம் பிரித்துவிட்டாள். முழங்காலில் நின்ற பாவாடை தரையைத் தொட்டது. பவளம் தட்டாமாலை சுற்றினாள். “ஒரே ராத்திரியில வளந்துட்டேம்மா!” இன்ஸ்பெக்டர் வரவில்லை. ஓடுகிற மெஷினுக்கு அடியில் கழிவுப்பஞ்சு கூட்டப் போனவளின் பாவாடை நுனியை பெல்ட் பிடித்துக்கொண்டது. மெஷினை நிறுத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. காரியம் முடிந்த மறுநாளே மேஸ்திரி வாசலில் வந்து நின்றான். செங்கமலத்தின் முகத்தைப் பார்க்காமல் சின்னவளைப் பார்த்தான். “இவளை அனுப்பி வை. அடுப்பு எரியணும்ல?” செங்கமலம் பவளத்தின் இன்னொரு பாவாடையைச் சின்னவளுக்குக் கட்டிவிட்டு, கீழே உட்கார்ந்து டக் பிடிக்கத் தொடங்கினாள். கணுக்கால் தெரிந்தது. முழங்கால் தெரிந்தது. “குட்டையாப் போவுதும்மா” என்று சின்னவள் நெளிந்தாள். ஊசி மேலே ஏறிக்கொண்டே இருந்தது.