தலைப்பிசுக்கு ஆராய்ச்சி

மனித குலத்தை வாட்டிவரும் தலைப்பிசுக்குப் பிரச்சினைக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை காலையோடு நான் முடிவு கட்டப்போகிறேன்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. தலையில் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு, கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, முழுப் பொறுப்புடன் சொல்கிறேன்.

பிரச்சினை இதுதான். சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடிந்து காலையில் அறைக்கு வருவேன். தலைக்குக் குளிப்பேன். முடி பஞ்சாய்ப் பறக்கும். படுத்துத் தூங்கி மத்தியானம் எழுந்தால், பஜ்ஜிச் சட்டியில் முக்கி எடுத்ததுபோல நெற்றியில் ஒட்டிக் கிடக்கும்.

எங்கள் கம்பெனியில் எந்தப் பார்ட் ரிஜெக்ட் ஆனாலும் ‘ஏன், ஏன்’ என்று கேட்டுக்கொண்டே போகச் சொல்வார்கள். கடைசி ஏனுக்கு வரும் பதில்தான் மூலகாரணமாம். ஒரு போல்ட்டுக்கே அவ்வளவு மரியாதை என்றால் என் தலைக்கு இல்லையா?

கேட்டேன்.

ஏன் பிசுக்கு? போர் தண்ணீர். சோப்பு போட்டால் நுரையே வராத தண்ணீர். கேன் தண்ணீரில் குளித்துப் பார்த்தேன். வீட்டுக்காரம்மா சரோஜம்மாள் என்னைப் பெரிய இடத்துப் பையன் என்று தப்பாக நினைத்துக்கொண்டார். பிசுக்கு போகவில்லை.

ஏன்? ஷாம்பு. பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் எல்லா நிறப் பாக்கெட்டையும் தலையில் கிழித்தேன். போகவில்லை.

ஏன்? வேலையில் போடும் தொப்பி. துவைத்தேன். எலுமிச்சம்பழமும் தேய்த்தேன். மத்தியானம் ஊறுகாயாக எழுந்தேன்.

முடிவெட்டும் அப்பாஸ் அண்ணன் என் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தலை நல்லாத்தான் இருக்குது தம்பி. கொண்டுபோய் எதுல தேய்க்கிற?” என்றார்.

அறிவியல் தெரியாதவர்களோடு நான் வாதாடுவதில்லை.

எண்ணெய்ப் பிசுக்கைப் பற்றிப் பேசும்போது மாதேஷைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. போன மாதம்வரை எதிர்க் கட்டிலில் இருந்தான். அவன் அம்மா சிங்காரப்பேட்டையில் கரிசலாங்கண்ணி போட்டுக் காய்ச்சும் எண்ணெயைக் குவாட்டர் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தனுப்புவார். ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் போலீஸ்காரர் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

அவன் தலையணைக்கு முதலில் என்ன நிறம் என்று அவனுக்கே தெரியாது.

“இதப் பிழிஞ்சா தெருவுக்கே பூரி சுடலாம்டா” என்பேன். “மனுசன் தல வெக்கிற பொருளாடா இது?” என்பேன். சனிக்கிழமையானால் உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றிக்கொண்டு, “வா மச்சி, உச்சந்தலையில ஒரு கை வெக்கிறேன்” என்று துரத்துவான். நான் கட்டில்மேல் ஏறி நின்று கத்துவேன்.

அவன் கோபப்பட்டதே இல்லை. படுத்த பிறகும் பேசிக்கொண்டே இருப்பான். சூப்பர்வைசர், அக்கா கல்யாணம், காணாமல்போன ஆட்டுக்குட்டி. “வாய ஆஃப் பண்ணுடா” என்பேன். அதற்காக நிறுத்தமாட்டான். பாதி வாக்கியத்தில் தூங்கிப்போவான்.

காண்ட்ராக்ட்டை நீட்டிக்கவில்லை. ஊத்தங்கரை பஸ்ஸில் ஏறினான். தலையணையை மட்டும் விட்டுப் போனான்.

“இதத் தூக்கிட்டுப் போனா வழியெல்லாம் சிரிப்பானுங்க. நீயே வெச்சு நக்கல் பண்ணிக்கோ மச்சி.”

நக்கல் பண்ணினால் கேட்பதற்கு ஆள் வேண்டும் என்பது அவனுக்குத் தோன்றவில்லை. போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுகிறேன் என்றான். அங்கே டவர் கிடைக்காதுபோல.

அது கிடக்கட்டும். ஆராய்ச்சிக்கு வருவோம்.

கதவைத் தட்டிவிட்டு, நான் எழுவதற்குள் சரோஜம்மாள் உள்ளே வந்துவிட்டார்.

“தினேசு, புதுப் பையன் பஸ் ஏறிட்டானாம். பேரிகை ஊர்ப் பையன். வந்து பார்த்தா ஓடிருவான். அந்த மாதேசோட பிசுக்குத் தலகாணிய எடுத்துக் குடுப்பா, குப்பை வண்டி கீழதான் நிக்குது.”

எதிர்க் கட்டிலில் கிடந்த தலையணையை எடுத்துக் கொடுத்தேன்.

அவர் அதை முன்னும் பின்னும் திருப்பினார். “ஏம்ப்பா, வெள்ளை வெளேர்னு இருக்குதே! யாரும் தல வெச்ச மாதிரியே இல்ல.”

“உள்ள இறங்கிருச்சும்மா. வெளிய தெரியாது.”

சரோஜம்மாள் தலையணையைப் பார்த்தார். என் தலைத் துண்டைப் பார்த்தார். படித்த பிள்ளைகளைப் பற்றி ஏதோ தெலுங்கில் சொல்லிக்கொண்டே படி இறங்கினார். கொஞ்ச நேரத்தில் வண்டியின் பாட்டு தெருமுனை தாண்டிப் போனது.

கதவைத் தாழ்ப்பாள் போட்டேன்.

துண்டை அவிழ்த்தேன். விரலை விட்டுப் பார்த்தேன். ஒரு பிசுக்கு இல்லை. இழைக்கு இழை தனித்தனியாகப் பறந்தது. மனித குலம் நிம்மதியாக இருக்கலாம்.

ஜன்னலைச் சாத்தினேன். தினமும் காலையில் எடுப்பதுபோல, என் போர்வைக்கு அடியிலிருந்து நிறம் தெரியாத அந்தத் தலையணையை எடுத்துத் தட்டாமல் கொள்ளாமல் வைத்தேன். தட்டினால் நடுவில் இருக்கும் பள்ளம் மேடாகிவிடும்.

கரிசலாங்கண்ணி வாசம் முன்னைவிடக் கொஞ்சம் குறைந்திருந்தது.

புதுப் பையன் வருவதற்குள் தூங்கிவிட வேண்டும்.

பள்ளம் பார்த்து, பிசகாமல் தலையை வைத்தேன்.