விரல்நீள நிழல்

எங்கள் பிஸ்கட் தொழிற்சாலையின் மெயின்டனன்ஸ் அறைச் சுவரில், தொங்கும் ஒவ்வொரு கருவிக்கும் பின்னால் அதே வடிவில் கறுப்பாக ஒரு நிழல் வரைந்திருக்கும். வேலை முடிந்தபின் எந்த நிழலும் வெளியே தெரியக் கூடாது. அன்று மாவு பிசையும் இயந்திரத்தைச் சரிசெய்துவிட்டு வந்த பயிற்சிப் பொறியாளர் பூவிழி, விரல்நீள நிழல் ஒன்றின் முன் நின்றுவிட்டாள். திருகாணி முடுக்கும் ஆலன் கீயைக் காணோம்.

“ஏம் புள்ள, பூட்டத் தொற. மாவு காயுது,” என்று கத்தினார் சூப்பர்வைசர் நாச்சிமுத்து. பழுது பார்க்கும்போது யாரும் இயந்திரத்தை ஓட்டிவிடாதபடி அதன் சுவிட்சில் தொங்கியது அவளுடைய பூட்டு. அதை அவள் மட்டுமே திறக்கலாம்.

“மாவுக்குள்ள கெடந்தா சார்?”

“மெட்டல் டிடெக்டர் புடிச்சுக்கும்.”

“அது புடிக்கலைன்னா, திங்கிற கொழந்தையோட பல்லுதான் புடிக்கும்.”

பூட்டின் சாவியை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள். கை விரியவில்லை. வேறு வழியில்லாமல் மாவு முழுவதையும் மேசைகளில் கொட்டி எல்லோருமாகக் கிள்ளிக் கிள்ளித் தேடினோம். அவ்வளவு மாவும் வீண். திட்டிக்கொண்டே தேடிய நாச்சிமுத்துவின் விரலில்தான் அது தட்டுப்பட்டது. பூவிழி அதைக் கழுவித் துடைத்து மாட்டினாள். நிழல் மறைந்தது.

முழங்கை வரை மாவோடு அவள் முன்னால் வந்து நின்றார் நாச்சிமுத்து.

“இப்பத் தொறக்கலாமுங்களா?”