புது கேப்டன்

“அநியாயம்மா இது! ஏறி உட்கார்ந்த மனுஷனை இறக்கிவிடறதா?”

பைப் கடைக்காரர் சீட்டை விட்டு எழுந்தே நின்றுவிட்டார். எங்கே அநியாயம் நடந்தாலும் முதல் குரல் அவருடையதாகத்தான் இருக்கும், தன் கடையில் நடப்பதைத் தவிர.

“இறக்கிவிடறேன்னு சொல்லலை சார்” என்றாள் விமானப் பணிப்பெண். “ஃப்ளைட் லேட்டானதுல இவரோட ஆக்சிஜன் பெட்டியில சார்ஜ் இறங்கிடுச்சு. கேப்டன்கிட்ட சொல்லியாகணும். முடிவு அவங்களோடது.”

அவள் முன்பக்கம் போனாள். கடைக்காரர் பொத்தென்று உட்கார்ந்து, ஜன்னலோரம் இருந்த பெரியவரைப் பார்த்தார். மூக்கில் மெல்லிய குழாய். காலடியில் ஒரு சின்னப் பெட்டி ‘புஸ்... புஸ்...’ என்று அவருக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவராம். நுரையீரல் கெட்டுப்போய்ப் பல வருஷம் ஆகிறதாம்.

“இந்தப் பெட்டி இல்லாம கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்க முடியாதா?”

“தரையில எப்படியோ சமாளிச்சுடுவேன் சார். மேல போகப் போக காத்து மெலிசாயிடும். உங்களுக்குத் தெரியாது, என் நுரையீரலுக்குத் தெரியும். பெட்டியோட போனா பரவாயில்லைன்னுதான் டாக்டரே அனுப்பினார்.”

“காத்திருந்தப்பவே சார்ஜ் போட்டிருக்கலாமே?”

“போடலாம்னுதான் பார்த்தேன். எல்லா பிளக்லயும் போன் தொங்கிட்டிருந்தது. யாரைப் போய் எடுங்கன்னு சொல்றது?”

கடைக்காரர், முழுசாகச் சார்ஜ் ஏறியிருந்த தன் போனை மெதுவாகச் சட்டைப்பைக்குள் தள்ளினார்.

“சரி விடுங்க. இது இல்லன்னா அடுத்த ஃப்ளைட்.”

“இல்ல சார்.” பெரியவர் குரல் கெஞ்சியது. “நான் இதுலதான் போகணும். இது போச்சுன்னா போனதுதான்.”

கடைக்காரர் மனசு இளகிவிட்டது. யாருக்கோ உடம்பு முடியவில்லை போல, கடைசியாக ஒருமுறை முகம் பார்க்கப் போகிறார் என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். இனி இந்த மனுஷரை யார் இறக்கிவிடுகிறார்கள், பார்த்துவிடலாம்!

அந்த கேப்டன் மேல் அவருக்கு ஏற்கெனவே நம்பிக்கை இல்லை. சற்று முன்புதான் ஒலிபெருக்கியில் பெருமையாக அறிவித்தார்கள், கேப்டனாக இன்றைக்கு அவருக்கு இதுதான் முதல் பயணம் என்று. எல்லாரும் கைதட்டினார்கள். கடைக்காரர் மட்டும் சீட் பெல்ட்டை இன்னொரு தடவை இறுக்கிக்கொண்டார். பக்கத்தில் பெரியவர் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். பாவம், அவருக்கும் பயம்தான் என்று அப்போது நினைத்துக்கொண்டார்.

இதோ, கேப்டனே வந்துவிட்டாள். சின்னப் பெண். தோளில் புதுப் பட்டைகள் பளபளத்தன. பெரியவரைப் பார்த்ததும் ஒரு கணம் அப்படியே நின்றாள்.

“வணக்கம் கேப்டன்” என்றார் பெரியவர்.

பதிலுக்கு ஒரு வணக்கம்கூட இல்லை. குனிந்து பெட்டியைப் பார்த்தாள். அவர் கையைப் பிடித்து, நகங்களில் நீலம் ஏறியிருக்கிறதா என்று பார்த்தாள்.

“எழுந்திருங்க.”

“போய்ச் சேர்ற வரைக்கும் தாங்கும், கேப்டன்.”

“போய்ச் சேர மட்டும் இருந்தா போதுமா? இறங்க இடம் இல்லாம மேலயே சுத்த விட்டா? கையில மிச்சம் இருக்கணும். உங்களுக்கு நான் சொல்லணுமா?”

“இந்த ஒரு தடவை மட்டும்...”

“எழுந்திருங்க.”

கடைக்காரர் பொங்கிவிட்டார். “என்னம்மா பேச்சு இது? ஒரு சார் இல்ல, ஒரு சாரி இல்ல! உங்க வீட்டுப் பெரியவரா இருந்தா இப்படித்தான் பேசுவீங்களா?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கோபம் வேறா என்று கடைக்காரருக்கு ரத்தம் கொதித்தது.

“ஆமா சார். இப்படித்தான் பேசுவேன்.”

பிறகு பெரியவர் பக்கம் திரும்பி, “கீழ ஒரு டாக்டர் உங்க கூடவே இருப்பார். பேட்டரி முழுசா ஏறினதும் அடுத்த ஃப்ளைட்ல அனுப்பிவைக்கச் சொல்லியிருக்கேன்” என்றாள். பணிப்பெண் தூக்க வந்த பெட்டியைத் தானே வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். இன்னொரு கையால் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்படி என்ன அவசரம், கையோடு இழுத்துக்கொண்டு போக? கடைக்காரர் நடைவழியில் இறங்கி நின்று கத்தினார்.

“பெரியவரே, இதைச் சும்மா விடாதீங்க! மேலிடத்துல புகார் கொடுங்க, நான் சாட்சி சொல்றேன். கல்நெஞ்சக்காரி! ஈவு இரக்கம் இல்லாதவ கையில இத்தனை உயிரைக் கொடுத்திருக்காங்களே, இந்த ஃப்ளைட்ல நாங்க எப்படிப் போறது?”

கதவருகே போய்விட்ட பெரியவர் நின்று திரும்பினார். மூச்சு வாங்கியது. ஆசைப்பட்டது கிடைக்காமல் இறங்கிப் போகிறவரின் முகமாக அது இல்லை. பூரித்துப் போயிருந்தது.

“பயப்படாதீங்க சார். நிம்மதியா தூங்கிட்டே போங்க. பெத்த அப்பனையே இறக்கிவிட்டவ, உங்களைப் பத்திரமா கொண்டுபோய்ச் சேர்த்துடுவா.”