ஹாட்ச் திருத்திய முதல் ஆள்

மார்மன் என்ற கிறிஸ்தவ சபைக்கு ஆள் சேர்க்க அமெரிக்காவின் யூட்டாவிலிருந்து பிலிப்பைன்ஸின் இலோயிலோவுக்கு வந்திறங்கிய ஹாட்சுக்கு வயது பத்தொன்பது. முதல் நாள் ஒரு வீட்டிலும் கதவு திறக்கவில்லை, நாய்கள்தான் வரவேற்றன.

மறுநாள், சபை அவனோடு சேர்த்து அனுப்பிய உள்ளூர்க் கூட்டாளி பனகா காட்டிய வீட்டில், டோரோ என்ற பெரியவர் காபிக் கோப்பையோடு வந்து கதவைத் திறந்தார்.

"உங்க சபையில காபி குடிக்கலாமா, தம்பி?"

"கூடாதுங்க. பீர், சிகரெட்டும் கூடாது."

"அடப்பாவி! அப்புறம் எதுக்குய்யா உயிரோட இருக்கணும்?"

ஹாட்ச் விடவில்லை. தினமும் போய் மன்றாடினான். புதனன்று பீரை விட்டார், வியாழனன்று சிகரெட்டை விட்டார். சனிக்கிழமை கண்கலங்கி, காபி டப்பாவையே அவன் கையில் கொடுத்துவிட்டார்.

ஞாயிறன்று சபைக்குப் போனால், மேடையில் டை கட்டிக்கொண்டு டோரோ!

பனகா விழுந்து விழுந்து சிரித்தான். "இருபது வருஷமா இங்க இருக்கிற சபைத் தலைவரே அவர்தான்டா! புதுசா வர்றவங்கள இப்படித்தான் பழக்குவோம்."

கூட்டம் முடிந்ததும் டோரோ ஹாட்சை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"கோவமா தம்பி? பீர், சிகரெட்டெல்லாம் சும்மா நடிப்பு."

"காபி?"

டோரோ சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த டப்பாவ தூக்கிப் போட்டுட்டியா, வச்சிருக்கியா?"