பிணத்தின் சிபாரிசு

"ஒரு பிணம் என் காதில் பேசியிருக்கிறது" என்றேன். சிதம்பரம் டீக்கடையே குலுங்கிச் சிரித்தது.

எதிரே இருந்த புதுமுகப் பெரியவர், "ரொம்ப அளக்காதீங்க சார்" என்றார்.

விடுவேனா? கடலூரில் நான் நன்னடத்தை அலுவலராக இருந்தபோது, ஆயுள் கைதி பக்கிரி தன் தாய் சின்னம்மாளுக்குக் கொள்ளி வைக்கப் பரோல் கேட்டான். சாவு நிஜம்தானா என்று விசாரிக்கக் கம்மாபுரம் பக்கம் போனேன். மேளச் சத்தம் சமுத்திரம் வரை கேட்டது. ஆனால் அழுவதற்கு ஓர் ஆள் இல்லை. பக்கிரி வெட்டிக் கொன்றவனின் பங்காளிகள்தான் பிணத்தைச் சுற்றி நின்றார்கள்.

"பையன் எப்ப சார் வருவான்?" ஆளாளுக்கு அதையே கேட்டார்கள்.

மாலை போடக் குனிந்தேன். சின்னம்மாளின் உதடு அசைந்தது.

"எம்புள்ளைய அனுப்பாதய்யா. வெட்டிடுவாங்க."

மாலையைப் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். "ராத்திரிக்குள்ள வந்துடுவான்" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு நழுவினேன். அரைமணியில் போலீசோடு திரும்பி, பிணத்தை ஜீப்பில் உட்காரவைத்துக் கூட்டிவந்தேன்.

கடையில் மறுபடியும் சிரிப்பு. பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை.

"அவ பேசியிருப்பா சார்," என்றார் மெல்ல. "வாய்க்கட்டு கட்டுனவன் நாந்தான். மூச்சு முட்டுதுன்னு கெஞ்சினா. கொஞ்சம் தளர்த்தி விட்டுட்டேன்."