தவளை தாண்டாத பள்ளம்

குளக்கரையில் வீடியோ கேம் ஆடுகிறவர்களுக்கு ஒரே சட்டம்தான்: திரையில் பொம்மையின் உயிர் போனால் ஜாய்ஸ்டிக்கை அடுத்த ஆளிடம் கொடுத்துவிட வேண்டும். எருமை காலையிலிருந்து தன் முறைக்குக் காத்திருந்தது. தவளையோ ஒவ்வொரு உயிர் போனபோதும் ஜாய்ஸ்டிக்கைக் கொடுக்காமல் அபிப்பிராயத்தைக் கொடுத்தது.

"போன வாரம் ஜெயிச்சேனே கத்திச்சண்டை, அது கேம். முந்தாநாள் ஆடின துப்பாக்கி கேமும் பரவாயில்ல. இதுல பள்ளத்தையே தப்பா வெட்டியிருக்கான் அண்ணே. பிறந்ததுலேருந்து குதிக்கிறவன் நான், எனக்கா தெரியாது?"

பொம்மை குதிக்கும்போதெல்லாம் தவளையும் கூடவே குதித்தது. விரல் பட்டனை விட்டு நழுவியது. எருமை அதைக் கவனிக்காமல் இல்லை. சொன்னால் இன்னும் அரைமணி நேரம் வியாக்கியானம் கேட்க வேண்டுமே என்று வாயை மூடிக்கொண்டது.

ஏழாவது உயிரும் போனது. "நீங்களே ஆடிப் பாருங்க, அப்பத் தெரியும்" என்று தவளை ஜாய்ஸ்டிக்கைத் தள்ளிவிட்டது.

எருமை படுத்த இடத்தில் அசையாமல் மூக்கால் ஓர் அழுத்து அழுத்தியது. பொம்மை பள்ளத்தைத் தாண்டிவிட்டது.

தவளை திரைக்கு முன்னால் தாவிப் போய்ப் பள்ளத்தை உற்றுப் பார்த்தது. பிறகு மெல்லச் சொன்னது: "எருமைகூடத் தாண்டுற அளவுக்கு லேசா வச்சிருக்கான். இதெல்லாம் ஒரு கேமா?"

"கொஞ்சம் நகர்ந்து உட்காரு தம்பி" என்றது எருமை. "அடுத்த பள்ளம் மறைக்குது."