பொற்கொடியின் ரி

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சரளி வரிசையைப் பாடி முடித்ததும், ஆய்வுக்கு வந்த அதிகாரி கைதட்டினார். "ஒரு பிசிறுகூட இல்ல டீச்சர்!"

"பிசிறு வந்தா கழுத்துல இருக்கற சுருதிப்பட்டை திருத்தி, அவங்க குரல்லயே தானா பாடிடும் சார்," என்றார் பார்வையற்ற பாட்டு டீச்சர் ரோசலின். "பிள்ளைங்களா, பட்டையை அணைச்சிட்டு இன்னொரு தடவை பாடுங்க."

குரல்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடின. ரோசலின் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்டார்.

"பொற்கொடியோட ரி எப்பவும் இறங்கித்தான் இருக்கும். அது கேக்கலையே, எங்க அவ?"

மூன்றாம் பெஞ்சில் அவளுடைய பட்டை மட்டும் அணைக்க ஆளில்லாமல் கிடந்து, சுத்தமாக ரி பாடிக்கொண்டிருந்தது.

"அவ ஸ்கூலுக்கு வந்தே மூணு நாளாச்சு டீச்சர்," என்றாள் பக்கத்துச் சிறுமி.

ரோசலின் கைத்தடியை எடுத்தார்.

"நீங்க மார்க் போட்டுட்டு இருங்க சார். நான் அவ வீட்டுக்குப் போயிட்டு வந்துடறேன்."